விரல் ரேகை ஆணா பெண்ணா என்று காட்டிக் கொடுக்குமா?

வணக்கம் நண்பர்களே! குற்றம் நடந்த இடத்தில் ஒரு விரல் ரேகை கிடைக்கிறது. பதிவேட்டில் தேடினால் யாருடைய ரேகையோடும் ஒத்துப்போகவில்லை. சரி, ஆள் யார் என்று தெரியாவிட்டாலும் ஆணா பெண்ணா என்றாவது சொல்ல முடியுமா? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பலரும் முதலில் பார்ப்பது வில் (மேடுபோல் வளைந்து போவது), கண்ணி (வளைந்து வந்த பக்கமே திரும்புவது), சுழி (வட்டமாகச் சுற்றுவது) என்கிற வடிவங்களை. ஆண்களிடம் சுழி சற்று அதிகம், பெண்களிடம் வில் சற்று அதிகம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் மூன்று வடிவங்களும் இரு பாலாரிடமும் தாராளமாக இருக்கின்றன. சுழியைப் பார்த்ததுமே ஆண் என்று எழுதிவிட முடியாது.

உருப்படியான தடயம் ரேகைகளின், அதாவது பதிவில் தெரியும் ஒவ்வொரு கோட்டின், நெருக்கத்தில் இருக்கிறது. பெண்களின் ரேகைகள் பொதுவாக மெல்லியவை, அதனால் அதே இடத்தில் கூடுதல் ரேகைகள் அடங்கும். எண்ணும் முறையைச் சொல்கிறேன். விரல் பதிவின் மையத்துக்கு மேலே, கட்டைவிரல் இருக்கும் பக்கமாக, 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் என்று ஒரு சதுரம். அதன் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோடு போட்டு, அந்தக் கோடு தொடும் ரேகைகளை எண்ண வேண்டும். வெறும் புள்ளியாக இருப்பதைச் சேர்க்கக் கூடாது. கவையாகப் பிரிகிற ரேகையின் இரு கிளைகளும் கோட்டில் பட்டால் இரண்டு.

1999-ல் மார்க் ஏக்ரீ என்ற ஆய்வாளர் அமெரிக்கர்களின் ரேகைகளை இப்படி எண்ணினார். 11 அல்லது அதற்குக் குறைவு என்றால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். 12 அல்லது அதற்கு மேல் என்றால் பெண். 2007-ல் குங்காதின் என்ற ஆய்வாளர் தென்னிந்தியர்களிடம் ஆராய்ந்தபோது எல்லை நகர்ந்துவிட்டது: 13 வரை ஆண், 14-லிருந்து பெண்.

இங்கேதான் எனக்குக் கவலை. கையில் இருக்கும் ரேகையில் 12 வருகிறது என்று வையுங்கள். அமெரிக்கக் கணக்கில் பெண், தென்னிந்தியக் கணக்கில் ஆண்! அந்தச் சதுரத்தின் மூலைவிட்டம் சுமார் 7 மில்லிமீட்டர்தான். அதில் 12 ரேகைக்கும் 14 ரேகைக்கும் உள்ள வித்தியாசம், ஒரு ரேகைக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. விரலை அழுத்தி வைத்தாலோ, இழுத்து எடுத்தாலோ ரேகையின் இடைவெளியே மாறிவிடும்.

அப்புறம் சிறுவர்கள். ரேகைகள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. விரல் வளர வளர அவை அகலமாகுமே தவிர, புதிதாக முளைப்பதில்லை. ஆகவே சின்னப் பையனின் விரலில் ரேகைகள் நெருக்கமாகத்தான் இருக்கும். எண்ணினால் பெண் என்று வரும். வயது தெரியாத ரேகையில் இதை யாரும் மறக்கக் கூடாது.

தேடலில் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்க இந்த எண்ணிக்கை உதவும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறிக்கையில் 'பெண்' என்று மட்டும் எழுதி அனுப்புவது அநியாயம். எத்தனை ரேகை வந்தது, எந்த மக்களிடம் கண்ட எல்லையை வைத்தார்கள், வாய்ப்பு எவ்வளவு என்று மூன்றையும் சேர்த்தே எழுத வேண்டும்.