'லாங் ஆர்ம் ஆஃப் தி லா': எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

(திரையில்: கல்லாறு சோதனைச்சாவடி, வரிசையில் சுற்றுலா வாகனங்கள்)

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏற வரும் வெளியூர் வாகனங்களைக் கல்லாற்றில் நிறுத்தி, கைப்பேசியில் இ-பாஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே அனுப்புகிறார்கள். 2024 மே 7 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டுக்கு உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். அங்கே பிறப்பித்த உத்தரவு இங்கே மலையடிவாரத்தில் ஒரு காரை நிறுத்துகிறதே, இப்படித் தொலைவைக் கடந்து எட்டும் அதிகாரத்தைத்தான் ஆங்கிலத்தில் 'தி லாங் ஆர்ம் ஆஃப் தி லா', அதாவது சட்டத்தின் நீண்ட கை, என்கிறார்கள்.

(திரையில்: ஓவிட்டின் உருவப்படம்)

இக்கருத்து மிகப் பழையது. ரோமக் கவிஞர் ஓவிட், கிரேக்கப் புராண அழகி ஹெலன் தன்னைக் காதலிக்கும் ட்ராய் இளவரசன் பாரிசுக்கு எழுதுவதாகப் புனைந்த கடிதத்தில், அரசர்களின் கைகள் நீளமானவை என்று உனக்குத் தெரியாதா என அவளைக் கேட்க வைக்கிறார். கணவன் மெனலேயஸ் ஊரில் இல்லாவிட்டாலும் அவனது காவலிலிருந்து தான் விடுபடவில்லை என்பது அவள் கவலை. அன்று அரசனுடையதாக இருந்த கை, பின்னாளில் சட்டத்தினுடையதாயிற்று.

இத்தொடரைக் கையாளும்போது பலர் தவறுவது ஓரிடத்தில்தான். ஊட்டி சேரிங் கிராஸில் தலைக்கவசம் அணியாமல் வந்தவருக்குப் போலீஸ்காரர் அங்கேயே அபராதம் விதித்தால், அது சட்டத்தின் கண்டிப்பு. அதற்கு இத்தொடர் பொருந்தாது. கோத்தகிரியில் திருடியவர் பல ஆண்டுகள் கழித்து வேறு மாநிலத்தில் பிடிபட்டால் பொருந்தும். இடத்தாலோ காலத்தாலோ ஓர் இடைவெளி இருந்தாக வேண்டும். (நம் பேச்சு வழக்கில் 'அவனுக்குக் கை நீளம்' என்றால் திருடன் என்று பொருளாகிவிடும் என்பதால், தமிழில் எழுதுவோர் 'சட்டத்தின் நீண்ட கரம்' என்றே எழுதுவது நல்லது.)

(திரையில்: கூடலூர் வனப்பகுதி)

நீலகிரியிலிருந்தே இதற்கு வலுவான சான்று உண்டு. கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு, காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்று கூறி, உரிமையாளர் யாராயினும் நாடெங்கும் உள்ள காடுகளுக்கு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது. ஒரு தாலுகாவில் எழுந்த வழக்கு வடகிழக்கு மாநிலங்களின் மரஅறுவை ஆலைகள் வரை எட்டியதை, மிகை சிறிதும் இல்லாமல் இத்தொடரால் விவரிக்கலாம்.

வாக்கியத்தில் அமைக்கும்போது 'காட் அப் வித்' என்ற வினையைச் சேர்ப்பது வழக்கம்: 'தி லாங் ஆர்ம் ஆஃப் தி லா காட் அப் வித் ஹிம்'. அதாவது, ஓடியவரைச் சட்டம் கடைசியில் எட்டிப் பிடித்துவிட்டது.