கதையில சிலந்தி செத்துப்போச்சு, குழந்தை சாப்பிட மாட்டேங்குது: சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த சந்தேகம். ஒரு நிமிஷம், ஃபேனை நிறுத்திடறேன். போன தடவை ஃபேன் சத்தந்தான் கேக்குது, நீங்க பேசறது கேக்கலன்னு சொல்லியிருந்தீங்க. வேலூர் வெயில்ல ஃபேன் இல்லாம எவ்வளவு நேரம் பேசுவேனோ, பாக்கலாம்.

பள்ளிகொண்டா பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. நீளமான கடிதம், சுருக்கிச் சொல்லிடறேன். பொண்ணுக்கு எட்டு வயசு. ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி 'சார்லட்ஸ் வெப்' புத்தகத்தை இவங்க இங்கிலீஷ்ல பாத்து, தமிழ்ல சொல்லிக்கிட்டு வந்திருக்காங்க. சிலந்தி செத்துப்போற இடம் வந்ததும் பொண்ணு ஓன்னு அழுதுட்டு, சாப்பிடாமலே படுத்துக்கிச்சாம். "ஏம்மா அது பக்கத்துல யாருமே இல்ல?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டிருக்கு. மறுநாள் ஒட்டடைக் குச்சியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிடுச்சு. சரி, அது போவட்டும். தாத்தா வீட்ல ஆடி மாசத்துக்குன்னு அம்மனுக்கு நேந்துவிட்ட கிடா ஒண்ணு நிக்குது. இப்ப அதை வெட்டவே கூடாதுன்னு ஒரே அடம். "இந்தக் கதையைச் சொன்னது என் தப்பா? முடிவை மாத்திச் சொல்லியிருக்கணுமா? கிடாவுக்கு என்ன பதில் சொல்றது?" இதான் அவங்க கேள்வி.

கதை தெரியாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. இ. பி. ஒயிட்டுன்னு அமெரிக்க எழுத்தாளர், 1952ல வந்த புத்தகம். வில்பர்னு ஒரு பன்னிக்குட்டி. பனிக்காலம் வந்தா வெட்டிடுவாங்க. அதே கொட்டகையில சார்லட்னு ஒரு சிலந்தி. தன் வலையிலயே எழுத்து எழுதி, இது சாதாரணப் பன்னி இல்லன்னு ஊரையே நம்ப வச்சு அதைக் காப்பாத்திடுது. முதல்ல எழுதறது 'சம் பிக்'னு. இதைத் தமிழ்ல எப்படிடா எழுதுவீங்கன்னு ஒரு தடவை புள்ளைங்களைக் கேட்டேன். 'அருமையான பன்றி'ன்னு ஒருத்தன் சொன்னான், பரீட்சைக்கு எழுதற மாதிரி. பின்னாடி பெஞ்சுல ஒரு பொண்ணு, "இன்னாமா கீது பன்னி!"ன்னுச்சு. அதான் சரியான மொழிபெயர்ப்பு.

இப்ப தங்கச்சி, உங்க பொண்ணோட கேள்விக்கு வரேன். அது "ஏன் செத்துச்சு?"ன்னு கேக்கல, கவனிச்சீங்களா? முட்டை வச்ச பிறகு, குளிர் வர நேரத்துல அந்த வகைச் சிலந்திக்கு ஆயுசு முடிஞ்சிடும். அதைக் குழந்தை ஏத்துக்கிச்சு. பக்கத்துல ஏன் யாருமே இல்லன்னுதான் கேக்குது. அந்தப் புத்தகத்துலயே ரொம்பக் கஷ்டமான இடத்துல சரியா விரலை வச்சிருக்கு உங்க பொண்ணு.

குடியாத்தம் சிரசுத் திருவிழா முடிஞ்ச மறுநாள் அந்தப் பக்கம் போயிருக்கீங்களா? முந்தின நாள் கால் வைக்க இடம் இருக்காது. மறுநாள் காத்துல காகிதம் பறக்கும், ராட்டினத்தைக் கழட்டி லாரியில ஏத்திக்கிட்டு இருப்பாங்க, ரெண்டு நாய் சுத்தும். வில்பரைக் கண்காட்சிக்குக் கொண்டுபோறாங்க, சார்லட்டும் கூடவே போகுது. அது சாகறது அப்படி ஒரு இடத்துலதான், கண்காட்சி முடிஞ்ச வெறும் திடல்ல. வந்துபோன அத்தனை சனத்துல ஒருத்தருக்குக்கூட இதுல பெரிய பங்கு ஒரு சிலந்தியோடதுன்னு தெரியாது.

சரி, வில்பர் ஏன் பக்கத்துல இல்ல? அங்க ஒரு சின்ன விஷயம் வருது, நீங்க தூக்கக் கலக்கத்துல தாண்டிப் போயிருக்கலாம். சார்லட்டால இனிமே நகர முடியாது. முட்டைப் பை மேல கூரையோரமா ஒட்டியிருக்கு, வில்பருக்கு எட்டாது. டெம்பிள்டன்னு ஒரு எலி இருக்கே, சுயநலத்துக்குப் பேர்போனது, அதுகிட்டப் போய்க் கெஞ்சுது. எலி முதல்ல சலிச்சுக்குது. "இனிமே தொட்டியில கஞ்சி ஊத்தினா நீ தின்ன பிறகுதான் நான்"னு வில்பரே வாக்குக் குடுக்குது. சாப்பாடே உலகம்னு இருக்கற பன்னி குடுக்கற வாக்கு அது. எலி மேல ஏறி, பல்லால இழையைக் கடிச்சுப் பையைக் கொண்டு வந்து குடுக்குது. வில்பர் அதை வாயில, நாக்கு மேல வச்சுக்குது. அதுக்குள்ள பெட்டியில தள்ளி ஏத்தறாங்க. வாயில முட்டை இருக்கு, எப்படிப் பேசறது? மேல பாத்து ஒரு கண்ணை மட்டும் சிமிட்டுது. சார்லட் ஒரு காலைத் தூக்கி ஆட்டுது. அவ்வளவுதான்.

உங்க பொண்ணுகிட்ட இந்த இடத்தைத் திரும்பப் படிச்சுக் காட்டுங்க. சார்லட் பக்கத்துல வில்பர் இல்ல, சரிதான். அவளோட 514 குஞ்சுங்களை வாயில வச்சுக்கிட்டு அது வீட்டுக்குப் போயிட்டு இருந்துச்சு. பொண்ணு ஒத்துக்குமா? எனக்குத் தெரியாது. "இருந்தாலும் யாராவது இருந்திருக்கலாம்"னு சொல்லும். சொல்லட்டும், நியாயந்தானே?

முடிவை மாத்தியிருக்கலாமான்னு கேட்டீங்க. நான் மாத்தியிருக்கேன். காட்பாடி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல வேலை செஞ்சப்போ, இதே கதையை நாலாவதுக்குச் சொன்னேன். முன்வரிசையில ரெண்டு புள்ளைங்க கண்ணு தளும்புறதைப் பாத்ததும் பயந்துட்டேன். "சார்லட் அவ ஊருக்குப் போயிட்டா"ன்னு சொல்லிட்டு மணி அடிக்கறதுக்கு முன்னாடியே மூடி வச்சிட்டேன். நம்ம வீடுங்கள்ல வழக்கமா சொல்றதுதானே, யாராவது போயிட்டா "ஊருக்குப் போயிருக்காங்க"ன்னு. அந்த வகுப்புல ஒரு பையன், ஆயாகிட்ட வளர்றவன். "டீச்சர், சார்லட் எப்ப வரும்?"னு தினமும் கேப்பான். வரும்டா, வரும்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் கேக்கறதை நிறுத்திட்டான். அடுத்த வருஷம் அவனே எழுத்துக் கூட்டிப் படிச்சிருக்கான். மரத்தடியில என்னை நிறுத்தி, "செத்துத்தான் போச்சு டீச்சர். நான் எங்க ஆயாவை ஒட்டடை அடிக்க விடாம வச்சிருந்தேன், அது வரும்னு"ன்னான். கோபமாகூடச் சொல்லல. அதுக்கப்புறம் எந்தக் கதையிலயும் யாரையும் நான் ஊருக்கு அனுப்பறதில்ல.

உங்களுக்குச் சொல்லும்போதே தொண்டை அடைச்சுதுன்னு எழுதியிருக்கீங்க. எழுதினவருக்கே அடைச்சிருக்கு. ஒயிட் 1970ல தன் குரல்லயே இந்தப் புத்தகத்தைப் பதிவு பண்ணாரு. சார்லட் சாகற இடத்தை அழாமப் படிச்சு முடிக்க 17 தடவை ஆச்சுன்னு அந்த ஒலிப்பதிவைத் தயாரிச்சவர் சொல்லியிருக்கார். 1948லயே தன் பண்ணையில ஒரு பன்னி நோய் வந்து செத்ததைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாரு. வெட்டறதுக்குன்னு வளத்த பன்னி, அதைப் போய்க் காப்பாத்த ராப்பகலா அலைஞ்சிருக்காரு. உங்க வீட்டுக் கிடா பிரச்சினை அவர் வீட்லயும் இருந்திருக்கு!

அந்தக் கிடா. உங்க பொண்ணு கதையைத் தப்பாப் புரிஞ்சுக்கல. முதல் பக்கத்துலயே அப்பா கோடாலியை எடுத்துக்கிட்டுப் போறாரு, ஃபெர்ன்னு ஒரு பொண்ணு ஓடிப்போய் அதைப் புடிச்சுத் தொங்குது, சோனிக் குட்டின்னா கொன்னுடுவீங்களான்னு. உங்க பொண்ணு ஒட்டடைக் குச்சியை ஒளிச்சதும் அதே வேலைதான். ஆனா இன்னொண்ணும் பாருங்க. ஃபெர்ன் அழுதுக்கிட்டு இருக்கற அதே காலையில, அவங்க வீட்டு சமையக்கட்டுல வர வாசனை பன்னிக்கறி வாசனைதான். ஒயிட் அதை மறைக்கல. அந்த அப்பாவும் குட்டியை விட்டாரு, ஆனா அஞ்சு வாரம் ஆனதும் 6 டாலருக்கு வித்துடச் சொல்லிட்டாரு. அதனால "நீ மட்டும் ஞாயித்துக்கிழமை பிரியாணி கேக்கறியே"ன்னு குழந்தையை மடக்காதீங்க. பெரியவங்க நாமளே அதுக்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கல.

வெட்டலாமா வேணாமா, அது உங்க குடும்பத்து வேண்டுதல், நான் நடுவுல வர மாட்டேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அதை வெட்டிட்டு, பொய்கை சந்தையில வித்துட்டோம், கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடுச்சுன்னு சொல்லாதீங்க. அது தெரியவரும். வெட்டறதா இருந்தா முன்னாடியே சொல்லுங்க. பொண்ணு கேக்க வேண்டியதைத் தாத்தாகிட்ட நேரா கேக்கட்டும்.

பன்னிக் கதையெல்லாம் புள்ளைக்கு எதுக்குன்னு தாத்தா சொல்றாராம். காளஹஸ்தி எத்தனை தடவை போயிருக்காரு, கேளுங்க. அந்தப் பேர்ல முதல்ல இருக்கற 'ஸ்ரீ'யே சிலந்தியைத்தான் குறிக்குதுன்னு அங்க சொல்வாங்க. லிங்கத்துக்கு வலை பின்னின சிலந்தியைக் கும்பிடற ஊரு அது. அந்தக் கதையை அவர் வாயாலயே பொண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்க. சொல்லி முடிச்ச கையோட கிடா பேச்சும் வந்துடும், பாருங்க.

ஒட்டடைக் குச்சி கட்டிலுக்கு அடியிலயே இருக்கட்டும். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு. தாத்தா என்ன சொன்னாருன்னு எழுதுங்க தங்கச்சி. இப்ப ஃபேனைப் போட்டுக்கறேன்.