ஜோடி போன காலுறைகள்

வணக்கம் நேயர்களே.

பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். குதிகாலும் பெருவிரல் படுகிற இடமும் இற்றுப்போய்ச் சல்லடையாகத் தெரியும். பருத்தி நூல் தேய்ந்து உதிர்ந்துவிட்டது. கூடவே சேர்த்துப் பின்னிய நைலான் இழை மட்டும் வலைபோல மிஞ்சி நிற்கிறது. அப்படியே கணுக்காலுக்கு மேலே பாருங்கள். துணி கெட்டியாக, வாங்கிய அன்று இருந்ததுபோலவே இருக்கும். அந்த நல்ல பகுதியையும் சேர்த்துத்தான் நாம் குப்பையில் போடுகிறோம். எனக்கு மனசு ஆறாத இடம் இது.

பழைய துணியில் கைவேலை செய்வதே பல வருடங்களாக என் வழக்கம். சட்டையோ போர்வையோ, எது கிடைத்தாலும் தையலைப் பிரிக்க வேண்டும், ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். காலுறையின் மேல்பகுதியில் தையலே கிடையாது. வட்ட இயந்திரத்தில் ஒரே குழாயாகப் பின்னி வருகிறது. அதைக் குறுக்கே வெட்டினால் வளையம் கிடைக்கும். லேசாக இழுத்துவிட்டால் வளையத்தின் ஓரம் தானாகச் சுருண்டுகொண்டு கயிறுபோல ஆகிவிடும். பின்னல் துணியின் குணம் அது. ஊசி நூல் இல்லாமல் வேலை நடக்கிறதென்றால் இந்தச் சுருளலால்தான்.

அந்த வளையங்களை வைத்துச் சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணி செய்யலாம். ஒரு சதுர மரச்சட்டம் வேண்டும். நான்கு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கத்துக்கு 18 ஆணி அடித்துக்கொள்ளுங்கள். வளையங்களை இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். ஒரு காலுறையின் மேல்பகுதி 15 சென்டிமீட்டர் இருந்தால் ஆறு வளையம் வரும். நெடுக்கே மாட்டும் பாவுக்கு 18, குறுக்கே ஓட்டும் ஊடைக்கு 18, ஆக 36 வளையம். மூன்று ஜோடி போதும்.

எதிரெதிர் ஆணிகளில் வளையத்தை இழுத்து மாட்டினால் பாவு ஆயிற்று. பிறகு நுனியில் கொக்கி உள்ள குரோஷே ஊசியால் குறுக்கே ஒன்று மேலே, ஒன்று கீழே என்று ஊடை ஓட்டுங்கள். அடுத்த வரிசையில் அது தலைகீழாக மாற வேண்டும். முதல் நாலைந்து வரிசை தொளதொளவென்றுதான் இருக்கும். பயப்பட வேண்டாம், போகப் போக இறுகும். கடைசி வரிசைகளில் ஊசி நுழையவே இடம் இருக்காது. விரலால் மற்ற வரிசைகளை ஒதுக்கித் தள்ளி, மெதுவாக இழுக்க வேண்டும். முடிந்ததும் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, முதல் வளையத்துக்குள் அடுத்ததை இழுத்து, அதற்குள் அதற்கடுத்ததை இழுத்துச் சங்கிலியாகச் சுற்றி வாருங்கள். கடைசியில் மிஞ்சும் வளையமே மாட்டி வைக்கக் காது.

ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். ஆரம்பத்தில் நான் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் ஒரு பிடிதுணி செய்தேன். காய்ந்த வாணலியைப் பிடித்தபோது இழை உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. நைலானும் பாலியஸ்டரும் உருகும். நைலானில் ஒரு வகை 220 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். பருத்தி கருகுமே தவிர உருகாது. அதனால் ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெருப்பில் காட்டிப் பாருங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. சுருங்கி உருண்டு கெட்டி மணியாக நின்றால் அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பருத்திப் பிடிதுணியும் ஈரமாக இருந்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். காய்ந்த பிறகே தொடுங்கள்.

உருகும் ரகத்தை ஒதுக்கத் தேவையில்லை. கையில் மாட்டிக்கொண்டால் ஜன்னல் கம்பியும் மின்விசிறி இறக்கையும் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. நாற்காலிக் கால்களுக்கு மாட்டினால் தரையில் கீறல் விழாது. எதைச் செய்தாலும், முதலில் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள்.

குதிகாலின் அந்தக் குழிவுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டில் நெல்சன் நிட்டிங் என்ற நிறுவனம், 1932 முதல் சிவப்புக் குதிகால் வைத்த வேலைக்காலுறைகளைப் பின்னியது. வீடுகளில் அவற்றைக் குரங்குப் பொம்மையாகத் தைத்தார்கள்; சிவப்புக் குதிகால் குரங்குக்கு வாயாயிற்று. 1955இல் அந்த நிறுவனமே பொம்மைக்கான காப்புரிமையைப் பெற்றது. தேய்ந்த இடத்தைக் குறையாகப் பார்க்காமல் முகமாகப் பார்த்த கைகளை நினைத்தால் எனக்கு அத்தனை சந்தோஷம்.

வெட்டியது போக மிஞ்சும் குதிகாலும் விரல் நுனியும் ஒரு பையில் சேரட்டும். பை நிறைந்ததும் நான்கைந்து நீளக் காலுறைகளை முனையோடு முனை தைத்து, உள்ளே இந்தத் துணுக்குகளைத் திணித்து, கதவு இடுக்கின் நீளத்துக்கு ஒரு திண்டு செய்யுங்கள். கீழே தூசியும் குளிர்காற்றும் நுழைகிற கதவுக்கு முட்டுக்கொடுத்தாற்போல் வைத்துவிடலாம். ரொம்பக் கெட்டியாகத் திணித்தால் வளையாது, தரையோடு படியாது; கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும்.

நன்றி, வணக்கம்.