வீட்டு சிமுலேட்டரும் விமானப் பயிற்சியும்

நேயர்களுக்கு வணக்கம்.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் என்ற முறையில் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: வீட்டுக் கம்ப்யூட்டரில் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டுவதைத் திரையில் அப்படியே காட்டும் மென்பொருள், ஓட்டிப் பழகினால் பலன் உண்டா? நிச்சயம் உண்டு. ஆனால் எதைப் பழகுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். எதற்கு அப்புறம் எதைச் செய்வது என்ற ஒழுங்கை வீட்டிலேயே மனதில் பதிய வைக்கலாம். விமானத்தை உடம்பால் உணர்ந்து ஓட்டுவது ஆகாயத்தில் மட்டும்தான் வரும்.

சிமுலேட்டரின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929-ல் ஒரு பயிற்சி இயந்திரத்தைச் செய்தார். அவருடைய தந்தை ஆர்கன் என்ற இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். அங்கே பழகிய துருத்திகளை வைத்தே அந்த இயந்திரத்தை ஆட்டினார் லிங்க். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுசெல்லும் வேலை தரப்பட்டது. மோசமான வானிலையில் பலர் விபத்தில் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கின் இயந்திரங்களை வாங்கியது. வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழக்குவதே நோக்கம்.

உங்கள் வீட்டு சிமுலேட்டரிலும் வரிசை தவறாமல் செய்ய வேண்டிய வேலைகளைத்தான் முதலில் செய்ய வேண்டும். செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை 68 நாட் அளவுக்கு (மணிக்கு 68 கடல் மைல்) கொண்டுவர வேண்டும், இறங்க இடம் பார்க்க வேண்டும், பிறகு எரிபொருள் வால்வு, பம்ப், மிக்ஸ்சர் (எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவு), இக்னிஷன் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். நடுவில் குழப்பம் வந்தால் சிமுலேட்டரை நிறுத்தி வைத்து யோசிக்கலாம். ஆகாயத்தில் அந்த வசதி கிடையாது.

புதிய ஊருக்குப் பறக்கும் முந்தின நாள் அதே பாதையை வரைபடத்தோடு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆறு எங்கே திரும்புகிறது, ஓடுபாதை எந்தப் பக்கம் வரும் என்பது மனதில் நிற்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேச வேண்டியதையும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

சரி, கெடுதல் எங்கே வருகிறது? முதலில் கண்ணில். சிறிய திரையில் வெளிக்காட்சி குறைவு என்பதால் பார்வை கருவிகளிலேயே ஒட்டிக்கொள்கிறது. நிஜ விமானத்திலும் அப்படியே குனிந்தபடி ஓட்டுவார்கள். எதிரே இன்னொரு விமானம் வந்தால் யார் பார்ப்பது? அதனால்தான் பயிற்றுநர்கள் சில நேரம் கருவிகளைக் காகிதத்தால் மூடிவிடுகிறோம். வீட்டிலும் கருவிப் பலகையை மறைத்துவிட்டு, தொடுவானத்தை வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் கால். முழு சக்தியில் ஏறும்போது செஸ்னா போன்ற விமானத்தின் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது கால் ரடரை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் பலகையின் பெடலை, அழுத்தியாக வேண்டும். சிமுலேட்டரில் ரடரைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முடிந்தால் பெடல் வாங்குங்கள். கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானத்தை அதே நிலையில் வைக்க உதவும் டிரிம்மும் அப்படித்தான். விமானத்தில் கையில் தெரிகிற அழுத்தம் மறையும் வரை டிரிம் சக்கரத்தைத் திருப்புகிறோம். சாதாரண ஜாய்ஸ்டிக்கில் ஸ்பிரிங்கின் அழுத்தம்தான் தெரியும், காற்றின் அழுத்தம் தெரியாது.

தரையிறங்கும் கடைசி சில விநாடிகளை வீட்டில் கற்க முயல வேண்டாம். ஓரக்கண்ணில் தரை விரிவதும் இருக்கை அமிழ்வதும் சேர்ந்துதான் உயரத்தைச் சொல்கின்றன. அதுவரை வருகிற வேகமும் இறக்கமும் பழகலாம். ஓடுபாதையோரம் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு விளக்கு (சரியான சரிவில் இறங்குகிறோம் என்பதன் அடையாளம்) தெரிகிறதா என்று பார்த்து வரலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது மேகம். வீட்டில் மேகத்துக்குள் ஓட்டுவது சுலபமாகத் தெரியும், ஏனென்றால் நாற்காலி அசைவதில்லை. நிஜத்தில் உள்காது ஏமாற்றும். விமானம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்போது நேராகப் போகிறோம் என்று உடம்பு அடித்துச் சொல்லும். அந்த உணர்வை மீறிக் கருவியை நம்புவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதைப் பெறாதவர் திரையில் வந்த துணிச்சலோடு மேகத்துக்குள் நுழைந்தால் உயிரே போகலாம். திரையில் எத்தனை முறை பத்திரமாக வெளியே வந்திருந்தாலும் சரி, தயவுசெய்து நுழையாதீர்கள்.

வீட்டில் ஓட்டிய நேரத்தைப் பறந்த நேரமாக லாக் புத்தகத்தில் எழுத முடியாது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், அன்று வகுப்பில் செய்த பாடத்தை அன்று மாலையே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் சிமுலேட்டர் ஓட்டுகிறவர் என்பதைப் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் கண்ணையும் காலையும் அவர் கூடுதலாகக் கவனிப்பார்.

நன்றி, வணக்கம்.