ரோடு ஏன் பேந்துச்சுன்னு ஆர்டிஐல கேக்கலாமா? சந்தேகத்துக்கு விளக்கம்

சரி அடுத்த கேள்வி. ஒரு அண்ணன் கேட்டிருக்காரு, "எங்க தெருவுல போட்ட சிமெண்ட் ரோடு ஒரு மழைக்கே பேந்துடுச்சு, ஏன் தரமில்லாம போட்டீங்கன்னு பேரூராட்சிக்கு ஆர்டிஐ போட்டேன், நீங்க கேக்குறது தகவல்ங்கிற வரையறைக்குள்ள வராதுன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க, மேல்முறையீடு போகவா"ன்னு.

அண்ணே கோவப்படாதீங்க, இந்த ஒரு விஷயத்துல சட்டம் அவங்க பக்கம்தான் இருக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல தகவல்னா ஆபீஸ்ல ஏற்கனவே இருக்குற ஃபைலு, ரிஜிஸ்டரு, காண்ட்ராக்ட், சாம்பிள் இந்த மாதிரி, ஏன் எதுக்குன்னு கேட்டா அது விளக்கம், அத உக்காந்து எழுதித் தரணும்னு அவங்களுக்கு கட்டாயம் கிடையாது. அதனால மேல்முறையீடெல்லாம் விட்டுட்டு புதுசா ஒரு மனு போடுங்க, இந்தத் தடவ காகிதத்தக் கேளுங்க.

எந்தக் காகிதம்னா, அந்த ரோட்டோட எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், காண்ட்ராக்டர்கிட்ட போட்ட ஒப்பந்தம், எல்லாத்தவிட முக்கியமா எம் புக்கு. அளவுப் புத்தகம்பாங்க, வேலைய அளந்து நீளம் அகலம் கனம் எல்லாம் அதுலதான் எழுதுவாங்க, அத வெச்சுத்தான் பில்லே போடுவாங்க. இப்ப அதுல கனம் 15 சென்டிமீட்டர்னு இருக்குன்னு வெச்சுக்கோங்க, நீங்க பேந்த எடத்துல ஸ்கேல வெச்சா 8தான் வருது, அந்தப் பக்கத்தோட நகலும் ஒரு போட்டோவும் போதும், புகார் தன்னால நிக்கும். ஒப்பந்தத்துல, இத்தன வருஷத்துக்குள்ள பழுதானா காண்ட்ராக்டரே சரி பண்ணணும்னு ஷரத்து இருக்கான்னும் பாருங்க.

தெரு பேரு, வார்டு, எந்த வருஷம் போட்டதுன்னு தெளிவா எழுதுங்க. பத்து வருஷத்துல போட்ட எல்லா ரோடும்னு கேட்டு வெச்சீங்கன்னா பக்கத்துக்கு 2 ரூபான்னு கணக்குப் போட்டு ஒரு தொகைய கட்டச் சொல்லி லெட்டர் வரும், நெறைய பேரு அங்கதான் விட்டுட்டுப் போயிடுறாங்க. எதுக்கு வேணும்னு காரணம்லாம் எழுதத் தேவையில்ல. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர்னு போட்டு அனுப்பிட்டு தபால் ரசீத பத்திரமா வைங்க, நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.

30 நாள்ல பதில் வரணும், வரலன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, கெடு தாண்டிட்டா நகல ஃப்ரீயாவே குடுக்கணும். அதுக்கும் மசியலன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம், அங்க போனா ஒரு நாளைக்கு 250 ரூபா வீதம் 25,000 வரைக்கும் அந்த அலுவலருக்கே அபராதம் போட முடியும்.

ஆங், இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன், மனுவோட கடைசியில "மேற்படி ஆவணங்களை நேரில் ஆய்வு செய்ய நாள் ஒதுக்கவும்"னு ஒரு வரி சேத்துருங்க. போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போங்க, பாத்து குறிப்பு எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு.