'நான்' என்றும் 'அவள்' என்றும்: ஃபே வெல்டன்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு காட்சியைச் சொல்லித் தொடங்குகிறேன். 1903-ஆம் ஆண்டு, லண்டன். ஈட்டன் பிளேஸில் 165-ஆம் எண் வீடு. வேலை கேட்டு வந்த இளம்பெண் ஒருத்தி நேராக முன்வாசலுக்குப் போய் மணியடிக்கிறாள். வேலைக்காரர்களுக்கு வாசல் கீழே இருக்கிறது, அங்கே போ என்று அனுப்பிவிடுகிறார்கள். சரி, ஒருவழியாக உள்ளே வந்தாயிற்று. பெயர் என்ன? க்ளெமென்ஸ் என்கிறாள். வேலைக்காரிக்கு அப்படியெல்லாம் பெயர் இருக்கக்கூடாது, இனி நீ சாரா என்று எஜமானியம்மா முடிவு செய்துவிடுகிறார். முதலில் வாசல் போயிற்று, அப்புறம் பெயரும் போயிற்று.

1971-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வந்த 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' தொடரின் முதல் அத்தியாயம் இது. எழுதியவர் ஆங்கில நாவலாசிரியர் ஃபே வெல்டன். அந்தக் கீழ்வாசல் அவருக்குப் பழக்கமான வாசல். அவருடைய அம்மா நாவலாசிரியர். தாத்தாவும் நாவலாசிரியர். ஆனால் நியூசிலாந்தில் மருத்துவரான கணவரைப் பிரிந்து, இரண்டு மகள்களோடு 1946-இல் லண்டன் வந்து இறங்கிய அம்மா, பெரிய வீடொன்றில் வீட்டு நிர்வாகியாக வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஃபேவுக்கு அப்போது 15 வயது. மாடியில் இருப்பவர்கள் எப்படிப் பேசுவார்கள், கீழே இருப்பவர்கள் எப்படி வாயை மூடிக்கொள்வார்கள் என்பதை அவர் கீழே இருந்து கேட்டு வளர்ந்தார்.

பெயர் விஷயமும் அப்படித்தான். 1931-இல் இங்கிலாந்தில் பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ஃப்ராங்க்ளின் பர்கின்ஷா. அம்மாவுக்கு எண் ஜோதிடத்தில் நம்பிக்கை. பெண் குழந்தைக்கு ஆண் பெயர்! ஃபே என்பது பிறகு வந்தது. வெல்டன் என்பது இரண்டாவது கணவரின் பெயர்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் உளவியலும் படித்தார். இருபதுகளின் தொடக்கத்திலேயே, திருமணமாகாமல், ஒரு மகனுக்குத் தாயானார். 1950-களின் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு அறை கிடைப்பதே கஷ்டம். விளம்பர நிறுவனங்களில் வேலை பார்த்தார். 'முட்டை சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள்' என்ற புகழ்பெற்ற விளம்பரம் அவர் தலைமை வகித்த குழுவிலிருந்து வந்தது. அந்த வாசகம் தனி ஒருத்தியாகத் தான் எழுதியதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் தொழில் கொடுத்த பயிற்சியை அவர் நாவல்களின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பார்க்கலாம். குட்டிக் குட்டிப் பத்திகள். ஒவ்வொரு பத்திக்கும் நடுவில் வெள்ளையாக ஓர் இடைவெளி. ஒரு வாக்கியத்தைச் சொல்லி நம்மைக் கொஞ்சம் நிற்கவைத்து, அப்புறம்தான் அடுத்ததைச் சொல்வார்.

1967-இல் முதல் நாவல். அதன்பின் முப்பதுக்கும் மேல். நடுவில் 1980-இல் ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை பிபிசிக்காகத் திரைக்கதையாக்கினார். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். வெல்டனின் பெண்கள் தங்களைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்பதிலிருந்து 'அவள்' என்பதற்கு நழுவுவார்கள், மறுபடி திரும்புவார்கள்.

'பிராக்ஸிஸ்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போன புத்தகம். கதாநாயகி வயதாகி, அடித்தள அறை ஒன்றில், அடிபட்ட கால்விரலோடு தனியாகக் கிடக்கிறாள். அங்கே இருப்பவள் 'நான்' என்று பேசுகிறாள். அவளுடைய இளமைக்காலம் வரும் அத்தியாயங்களில் அதே பெண் 'அவள்' ஆகிவிடுகிறாள். மற்றவர்கள் சொன்னபடி வாழ்ந்த காலத்தை 'நான்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. நான் அப்படித்தான் அதை வாசிக்கிறேன்.

1983-இல் வந்த 'தி லைஃப் அண்ட் லவ்ஸ் ஆஃப் எ ஷீ-டெவில்' உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மெரில் ஸ்ட்ரீப் நடித்து 1989-இல் படமாகவும் வந்தது. ரூத் ஆறடி இரண்டங்குல உயரம், அழகில்லாதவள். கணவன் பாபோ கணக்காளர். அவன் மேரி ஃபிஷர் என்ற காதல்கதை எழுத்தாளரிடம் போய்விடுகிறான். மேரி சின்ன உருவம், அழகி, கடலோரத்தில் உயரமான கோபுரத்தில் வாழ்பவள். போகும்போது பாபோ ரூத்தைப் பிசாசு என்று திட்டிவிட்டுப் போகிறான். அந்த வசவை ரூத் பிடித்துக்கொள்கிறாள். சரி, அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். வீட்டைக் கொளுத்துகிறாள். பிள்ளைகளைக் கொண்டுபோய் அந்தக் கோபுரத்திலேயே விடுகிறாள். பெயரை மாற்றி மாற்றி வேலை பார்க்கிறாள். பாபோவின் கணக்குகளில் கைவைத்து அவனைச் சிறைக்கு அனுப்புகிறாள். இந்த நாவலிலும் 'நான்' வரும் அத்தியாயங்களும் 'அவள்' வரும் அத்தியாயங்களும் மாறி மாறி வருகின்றன.

முடிவுதான் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. கால் எலும்பை வெட்டிக் குட்டையாக்கி, முகத்தைத் திருத்தி, ரூத் மேரி ஃபிஷராகவே ஆகிவிடுகிறாள். கோபுரமும் அவளுடையது, பாபோவும் அவளுடையவன். இது வெற்றியா? ஜெயித்த பெண் ஏன் தோற்றவளின் உடம்பைக் கேட்கிறாள்? வெல்டன் பதில் சொல்லவில்லை. சொல்லாததால்தான் அது பெரிய நாவல் என்று நினைக்கிறேன்.

அவரோடு நமக்குச் சண்டையும் உண்டு. 2001-இல் ஒரு நகை நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அதன் பெயரை நாவலுக்குள் எழுதினார். அதைக்கூட விட்டுவிடலாம். பாலியல் வன்முறை ஒரு பெண்ணுக்கு நேரக்கூடிய மிக மோசமான விஷயம் இல்லை என்று 1998-இல் ஒரு பேட்டியில் சொன்னார். பெரிய எதிர்ப்பு எழுந்தது, நியாயமாகவே எழுந்தது. அவர் புத்தகங்களை நேசிக்கும் எனக்கு அந்த வரி இன்றும் வலிக்கிறது.

2023 ஜனவரியில், 91 வயதில் காலமானார். கடைசியாக அவருடைய தன்வரலாறு பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் வந்த 'ஆட்டோ டா ஃபே'. பிறப்பிலிருந்து 'நான், நான்' என்று உற்சாகமாக ஓடுகிற புத்தகம். கைக்குழந்தைக்கு ஒரு கூரை வேண்டும் என்பதற்காக, தன்னைவிடச் சுமார் 25 வயது மூத்த பள்ளித் தலைமையாசிரியரை மணந்துகொண்ட காலத்துக்கு வந்ததும் அந்த 'நான்' நின்றுவிடுகிறது. அந்தத் திருமணத்தைப் படர்க்கையில் எழுதுகிறார். தமிழில் பெயர்த்தால் அங்கே 'அவர்' என்று மரியாதை விகுதி போட முடியாது. 'அவள்'தான். அவள் சமைத்தாள், அவள் சகித்தாள், அவள் பொய் சொன்னாள். எழுபது வயதில், இத்தனை நாவல் எழுதிய பிறகும், அந்தப் பெண்ணை 'நான்' என்று சொல்ல வெல்டனுக்கு முடியவில்லை. மகனைக் கூட்டிக்கொண்டு அவள் அந்த வீட்டை விட்டு வெளியே வருகிறாள். அதற்கப்புறம்தான் அந்தப் புத்தகத்தில் 'நான்' திரும்பி வருகிறது.