ஓட்டுப் போட்டு வாங்கிய ஓவியங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் குன்ஸ்ட்மியூசியத்தில், அதாவது கலை அருங்காட்சியகத்தில், இப்போது என்ன கண்காட்சி, அடுத்து என்ன வருகிறது என்று போகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அங்கே ஒரு படத்தின் முன் நிற்கும்போது, இது இரவல் படமா, ஊருக்குச் சொந்தமா என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். பிரெஞ்சு ஓவியர் கோகன் தாஹிட்டித் தீவில் வரைந்த இரண்டு பெண்களின் படம் அங்கே பல பத்தாண்டுகள் தொங்கியது. ஊர்க்காரர்கள் தங்கள் படம் என்றே நினைத்திருப்பார்கள். அது ஸ்டேகெலின் குடும்பம் கொடுத்த இரவல். 2015-ல் அது வெளிநாட்டுக்கு விற்கப்பட்ட செய்தி வந்தது. அவ்வளவுதான், போய்விட்டது.

அதே குடும்பத்தின் இரவலாக இரண்டு பிக்காசோ ஓவியங்களும் இருந்தன: 1906-ல் வரைந்த 'இரு சகோதரர்கள்', 1923-ல் வரைந்த 'அமர்ந்திருக்கும் ஹார்லெக்வின்'. 1967 ஏப்ரலில் குளோப் ஏர் நிறுவனத்தின் விமானம் சைப்ரஸில் நிக்கோசியா அருகே விழுந்து 126 பேர் இறந்தார்கள். நிறுவனம் திவாலானது. அதில் பெரும் பங்கு வைத்திருந்த ஸ்டேகெலின் குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டது. இரண்டு படங்களையும் விற்க முடிவு செய்தார்கள். ஊரே வாங்கிக்கொள்வதென்றால் விலை 84 லட்சம் பிராங்க்.

பாசல் நகர மாநில அரசு 60 லட்சம் தர முன்வந்தது. மீதி 24 லட்சத்தை மக்கள் திரட்ட வேண்டும். அதற்காக ஊரே தெருவில் இறங்கி விழா நடத்தியது. 'பிச்சைக்காரர் விழா' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பணமும் சேர்ந்தது.

ஆனால் வரிப்பணத்தில் படம் வாங்குவதா என்று எதிர்த்தவர்களும் கையெழுத்துத் திரட்டினார்கள். விஷயம் வாக்கெடுப்புக்குப் போனது. அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். பொதுப்பணத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்கள் கேட்டதால்தான் படத்தின் ஆதரவாளர்கள் வீடு வீடாக, தெருத் தெருவாகப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

1967 டிசம்பர் 17. ஆதரவாக 32,118 ஓட்டு, எதிராக 27,190. இதில் பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். சுவிட்சர்லாந்தில் நாடளாவிய தேர்தலில் பெண்களுக்கு ஓட்டுரிமை 1971-ல்தான் வந்தது. பாசல் நகர மாநிலம் 1966-லேயே கொடுத்துவிட்டது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். உரிமை கிடைத்த மறு வருடமே, ஒரு ஓவியம் ஊரில் இருக்கலாமா என்று அந்தப் பெண்களிடமும் கேட்டிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் ஹோல்பைனின் படங்கள் நிறைந்த ஆமர்பாக் குடும்பத்தின் சேகரிப்பு வெளியூர் போய்விடாமல் 1661-லேயே நகரமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாங்கின. இந்த அருங்காட்சியகத்தின் தொடக்கமே அதுதான்.

சரி, ஓட்டெடுப்புச் செய்தி பிரான்சில் இருந்த பிக்காசோவுக்குப் போனது. அவருக்கு அப்போது 86 வயது. அருங்காட்சியக இயக்குநர் ஃப்ரான்ஸ் மையரை வரவழைத்து, நான்கு படைப்புகளை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இரண்டு அந்த வருடமே வரைந்த பெரிய ஓவியங்கள். இன்னொன்று 'அவிஞோன் பெண்கள்' ஓவியத்துக்கான முன்வரைவு. அந்த முழு ஓவியம் நியூயார்க்கில் இருக்கிறது. அதற்குமுன் அவர் கை எப்படி யோசித்தது என்பதை பாசலில் பார்க்கலாம். அப்புறம் மாயா சாஹர் என்ற புரவலர் தன்னிடமிருந்த ஒரு பிக்காசோவையும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு படங்களுக்காகக் கை நீட்டிய ஊரிடம் ஏழு வந்து சேர்ந்தன.